சுன்பானியும் செல்போனும்

எழுதி வைக்கப்படாத சனம் நாம். நம் பாட்டன் பூட்டன் யாரும் செப்பேட்டில் வெட்டி வைத்துவிட்டுப் போகவில்லை. கல்வெட்டில் நாம் வருகிற இடமெல்லாம் எல்லை சொல்லவும் வரி சொல்லவும் வருகிற இடம்தான். அதனால் நம்மில் எழுத வந்தவர்களுக்கு இன்றைக்கு ஆவணக் காப்பகம் என்று ஒன்று இருந்தால் அது கையில் இருக்கிற செல்போன்தான். நோட்டைத் திறந்தால் 'என்னாத்தடி எழுதுற' என்று வாயை மூடிக்கொள்கிற கிழவிகூட, செல்போனை மடியில் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தால் ஒரு மணி நேரம் பேசும். அந்தப் போன் பாஷை தெரியாத ஊரில் போய் செத்துவிட்டால் என்ன செய்வது? பத்தாயிரம் ரூபாய்ச் சாமான், போனால் போகிறது, கடன் வாங்கியாவது இன்னொன்று வாங்கிவிடலாம். உள்ளே இருக்கிற குரல்களை எந்தக் கடையில் வாங்குவது?

2024 ஜூலையில் நேபாளம் போயிருந்தேன். தலித் பெண்கள் எழுதுவது பற்றிக் காத்மாண்டுவில் மூன்று நாள் பட்டறை. எனக்கு அந்த ஊர்மேல் ரொம்ப நாள் ஆசை. 1956 நவம்பர் 20 அன்று உலக பௌத்தர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் புத்தரையும் மார்க்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிய ஊர் அது. பேசிய பதினாறாம் நாள் நம்மை விட்டுப் போய்விட்டார். அந்த மண்ணை ஒருதரம் மிதிக்கணும் என்று போனேன். மூன்று நாளும் ஏசி ஹாலுக்குள்ளே பவர்பாயிண்ட் பார்த்துக் கழிந்தது. நம்முடைய பட்டறைகள் எந்த நாட்டில் நடந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

பட்டறை முடிந்ததும் அங்கே பழக்கமான ஒரு தோழி, 'எங்க சனங்கள வந்து பாரு பைனி' என்று காவ்ரே மாவட்டத்துக்குக் கூட்டிப்போனாள். பைனி என்றால் தங்கச்சி. நான் அவளை தீதி என்றேன். மலைப்பாதையில் பஸ் ஏறி இறங்கும்போது, 'அஜித் மிஜார் இந்த மாவட்டத்துப் பையன்தான்' என்றாள். பதினெட்டு வயசு. சாதி மாறிக் கல்யாணம் செய்தவன். 2016 ஜூலையில் செத்துக் கிடந்தான். கொலைதான் என்று சொன்ன குடும்பம், நீதி கிடைக்காமல் உடம்பை வாங்க மாட்டோம் என்று காத்மாண்டு ஆஸ்பத்திரிப் பிணவறையிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தது. அதே 2016இல், மார்ச் மாதம், உடுமலைப்பேட்டை நடுரோட்டில் சங்கரை வெட்டினார்கள். அங்கே கேமரா இருந்தது, நாடே பார்த்தது. கேமரா இல்லாத இடத்தில் நம் சாவுக்கு நம் உடம்பேதான் சாட்சியாகக் கிடக்க வேண்டியிருக்கிறது. தீதியிடம் இதைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குடியிருப்பு ஊரை விட்டுத் தள்ளி, சரிவில் இருந்தது. இதைச் சொல்லவே வேண்டாம், தென்கோடியோ இமயமோ, நம் வீடு எங்கே இருக்கும் என்று கேட்காமலே நடந்து போகலாம். இரண்டு நாளில் ஒன்பது பேர் பேசினார்கள். அதில் ஒரு கிழவியை மறக்க முடியாது. அவர்கள் மொழியில் அம்மாவுக்கு ஆமா. எல்லாரும் ஆமா என்றே கூப்பிட்டார்கள், நானும் 'ஆமா ஆமா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

ஆமா தமாய் சாதி. தமாஹா என்கிற பெரிய கொட்டு அடிப்பதால் வந்த பெயர். பறையால் நமக்குப் பேர் வந்த மாதிரி. கல்யாணத்துக்கு அவர்கள் வாசித்தால்தான் மங்களம், ஆனால் வாசித்தவன் வாசற்படி தாண்டக்கூடாது. தையலும் அவர்கள் தொழில். ஊர் முழுக்கத் துணி தைத்துக் கொடுத்துவிட்டு அறுப்புக் காலத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று தானியம் வாங்கிக்கொள்வது. நம்ம ஊர்க் களத்துமேட்டுக் கூலிதான்.

ஆமா சொன்னது இது: 'நான் தச்ச ரவிக்கைய அவங்க அப்படியே போட்டுக்க மாட்டாங்க. தங்கத்தத் தண்ணில முக்கி, அந்தத் தண்ணியத் தெளிச்சுட்டுத்தான் எடுத்துப்பாங்க. மார்ல ஒட்டிக்கிற துணி. என் எச்சில்ல நூலக் கோத்துத்தான் தச்சிருப்பேன். அது பரவால்ல போல.' சொல்லிவிட்டுப் பல் இல்லாத வாயால் சிரித்தாள். அந்தத் தண்ணிக்கு சுன்பானி என்று பேர். சுன் தங்கம், பானி தண்ணீர். இதை வெறும் மூடப்பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1854இல் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுகி ஐன் சட்டம், தண்ணீர் வாங்கக்கூடாத சாதி, தொட்டால் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டிய சாதி என்று எழுத்திலேயே பிரித்து வைத்தது. 1963இல் புதுச் சட்டம் வந்து அது போனது. 2011இல் தீண்டாமைக் குற்றத்துக்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. சட்டம் போனாலும் சொம்பு போகவில்லை.

தங்கத்தை உருக்கி நகை செய்கிற சுனார் யார் என்று தீதியைக் கேட்டேன். 'அவங்களும் நம்ம ஆளுங்கதான்' என்றாள். தீண்டத்தகாத கை செய்த தங்கத்தை முக்கி, தீண்டத்தகாத கை தைத்த துணிக்குத் தீட்டுக் கழிக்கிறார்கள்! இதை யோசித்துக் கண்டுபிடித்தவன் நிச்சயம் வேலைவெட்டி இல்லாதவனாகத்தான் இருக்கவேண்டும்.

ஆமா பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நாற்று நடுகிற பருவம், மலை மழை, குடை எல்லாம் பேச்சுக்குத்தான். ரோட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் நடந்தோம். பையைத் தாண்டி, பிளாஸ்டிக் உறையைத் தாண்டி தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரி தங்கிய வீட்டில் போனை எடுத்தால் திரை ஒருதரம் வெள்ளையாக அடித்தது, அணைந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டு அக்கா போனை வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டார். இந்த அரிசி வைத்தியம் உலகம் பூரா ஒண்ணுதான் போல. 'சார்ஜ் போட்டுப் பாரேன்' என்று இன்னொருத்தர். அதற்கு மட்டும் நான் விடவில்லை. தண்ணீர் இருக்கும்போது கரண்டு போனால் உள்ளே இருப்பதை அரித்துத் தின்றுவிடும் என்று ஊரில் ரிப்பேர் செய்கிற என் சித்தப்பா மகன் சொல்லிச் சொல்லி மனசில் பதிந்திருந்தது. அந்த மலையில் நெட் கிடையாது. ஒன்பது குரலும் அந்த ஒரு பெட்டிக்குள்தான்.

காத்மாண்டு வந்து சேர்ந்தபோது ஊருக்குக் கிளம்ப ஒரு நாள் பாக்கி. அப்போதுதான் தெரிந்தது, என்னுடைய எல்லாமே அதற்குள் இருக்கிறது என்று. விமான டிக்கெட் அதில். வந்த நாளிலிருந்து கடைகளில் கியூஆர் காட்டிக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன், 2024 மார்ச்சிலிருந்து நம்ம யுபிஐ அங்கே செல்லுகிறது. அதுவும் போனது. சிம்மைக் கழற்றி தீதியின் பழைய போனில் போட்டேன், அம்மாவிடம் பேச முடிந்தது, ஆனால் பாங்க் கணக்கு புதுப் போனை அவ்வளவு சுலபத்தில் நம்பாது. கையில் இருந்தது 700 நேபாள ரூபாய். நம்ம ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு 1.60. இந்தக் கணக்கு 1993இலிருந்து மாறவில்லை. அதாவது என் கையில் இருந்தது 440 ரூபாய்கூட இல்லை.

முதலில் நியூ ரோட்டில் கண்ணாடி போட்ட பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். போனைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. 'போர்டு போச்சு. பாஸ்வேர்ட எழுதிக் குடுத்துட்டு வச்சுட்டுப் போங்க, ரெண்டு நாள் கழிச்சு வாங்க.' பாஸ்வேர்டு எழுதிக் கொடுப்பதாவது! உள்ளே யார் யார் என்ன பேசியிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியுமா? எந்த வீட்டுக்காரன் அடித்தான், எந்த வாத்தியார் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்தான் என்று பேர் சொல்லியிருக்கிறார்கள். இப்போது சில போன்களில் ரிப்பேருக்குக் கொடுக்கும்போது நம் விவரங்களை மறைத்து வைக்கிற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அதை உயிரோடு இருக்கிற போனில்தான் போட முடியும். செத்த போனுக்கு மானம் மறைக்க வழியில்லை. திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது மகாபௌத்த சந்து. நம்ம ரிச்சி தெரு மாதிரி, அதைவிட நெருக்கம். ஒரு மாடிப்படி ஏறி நாலு அடிக்கு எட்டு அடி கடை. முன்னால் மேசையில் முதலாளி. பின்னால் தட்டி மறைப்புக்குள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு தம்பி, இருபத்தைந்து வயசு இருக்கும். முதலாளி சீட்டுப் புத்தகத்தைத் திறந்து பெயர் கேட்டார். சொன்னேன். 'தர்?' என்றார். தர் என்றால் குலப்பெயர். அங்கே அதைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். 'கா' என்றேன். 'அது என்ன?' அப்பா பேரின் முதல் எழுத்து என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. 'ஐயரா? மேனனா? ரெட்டியா?' என்று தனக்குத் தெரிந்த தெற்கத்திப் பேர்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொன்னார்கள். அதனால்தான் காத்மாண்டுக் கடைக்காரர் என் பேரை வைத்துக்கொண்டு திண்டாடினார். ஆனால் இந்தப் பெருமையை ரொம்ப நீட்ட முடியாது. நம்ம ஊரில் பேரைக் கேட்கமாட்டான், 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்பான். தெருவில் வைத்திருக்கிறான் தர்ரை.

'பக்கத்துல உக்காந்து பாக்கணும், பாஸ்வேர்ட நானே போடுவேன்' என்றேன். முதலாளி முகம் சுளித்தார். உள்ளே இருந்த தம்பி, 'உக்காரட்டும்' என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார். டெல்லி கஃபார் மார்க்கெட்டில் தொழில் கற்றவர், இந்தி பேசினார். என் அரைகுறை இந்திக்கு தீதி முட்டுக் கொடுத்தாள்.

முதுகுப்பக்கத்தைச் சூடுகாட்டிப் பிரித்தார். உள்ளிருந்து இரண்டு அரிசி விழுந்தது. 'அரிசி தண்ணிய இழுக்காது தீதி, மாவுதான் உள்ள போகும்' என்று சிரித்தார். சார்ஜ் போடவில்லை என்றதும் தலையை ஆட்டினார், அதுதான் காப்பாற்றியது என்று. சார்ஜ் குத்துகிற இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தார். உள்ளே இருக்கிற மெமரியை மட்டும் கழற்றி வேறு போனில் போட்டுக் குரலை எடுக்க முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். இந்தக் காலத்துப் போனில் எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் எழுதப்படுகிறது. சாவி இந்த போர்டின் சில்லுக்குள் இருக்கிறது. வேறு போர்டில் வைத்தால் வெறும் குப்பை. ஆகவே இதே போர்டுக்கு உயிர் வந்தால்தான் ஆமாவுக்குக் குரல்.

பாட்டரியை எடுத்துவிட்டு நேராகக் கரண்டு கொடுத்தார். சுவிட்சைத் தொடாமலே மீட்டர் முள் ஏறியது. எங்கேயோ ஷார்ட். எங்கே? பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கில் இருக்கிறதே. சூட்டுக்கோல் முனையில் ரோசின் பிசினைத் தொட்டுப் புகைய விட்டு, அந்தப் புகையை போர்டுமேல் படிய வைத்தார். மார்கழிப் பனி மாதிரி வெள்ளையாகப் படிந்தது. மறுபடி கரண்டு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பனி உருகிக் கறுப்பாகத் தெரிந்தது. எள்ளில் பாதி இருக்கும், ஒரு கெபாசிட்டர். 'இவன்தான்' என்றார்.

எனக்கு எங்க ஊர் ஆசாரி பட்டறை ஞாபகம் வந்தது. தாத்தா கருக்கருவாளுக்குப் பல் வெட்டக் கொண்டுபோவார், நான் கூடப் போவேன். 'கீழ வை' என்பார் ஆசாரி. தரையில் வைத்த பிறகுதான் எடுப்பார். துருத்திச் சத்தமும், தோய்ச்சல் போடும்போது தண்ணீர் சீறுகிற சத்தமும் கேட்டபடி நாங்கள் வெளியே புளியமரத்தடியில் நிற்போம். இரும்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லுகிற கைவேலை. அந்தக் கையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கை என் தாத்தாவின் கையிலிருந்து அருவாளை வாங்காது.

எம்.ஏ. படிக்கும்போது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தேன். ராஜராஜன் காலத்தில், வரியில்லாத நிலம் என்று பட்டியல் போடுகிற இடத்தில், பறைச்சேரியும் கம்மாணசேரியும் சுடுகாடும் வரிசையாக வருகின்றன. கம்மாளர்களும் தனிச்சேரியில் இருந்தவர்கள்தான். கொங்குநாட்டுக் கல்வெட்டு ஒன்றில், கம்மாளர் வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசன் அனுமதி கொடுக்கிறான். செருப்புக்கே ராஜ உத்தரவு! அந்தச் சேரியிலிருந்து ஏறிப்போய்ப் பூணூல் போட்டுக்கொண்டவர்தான் எங்களைக் கீழே வைக்கச் சொன்னார். நேபாளத்தில் அந்த இரும்படிக்கிற சாதி ஏறவே இல்லை. காமி என்பார்கள். பட்டப்பெயர் விஸ்வகர்மா. நம்மூரில் அந்தப் பேர் பிரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்கிறது, அங்கே அந்தப் பேர் வைத்தவனுக்குத் தண்ணீர் கிடையாது. ஒரே உலை, ஒரே சுத்தி.

தம்பி அந்தக் கெபாசிட்டரைப் பிடுங்கி எறிந்தார். பதிலுக்கு வேறு வைக்கவில்லை. பக்கத்தில் அதே வேலை செய்ய இன்னும் நாலு இருக்கிறது, சமாளிக்கும் என்றார். பாட்டரியை மாட்டினார். திரை வந்தது. என் கைதான் நடுங்கியது, இரண்டு தரம் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன்.

ஸ்பீக்கர் வேலை செய்கிறதா பார்க்கணும், ஏதாவது போடுங்க என்றார். கடைசியாகப் பதிந்ததைத் தட்டினேன். ஆமா பேச ஆரம்பித்தாள். தகரக் கூரை மழைச் சத்தத்தோடு, அந்தச் சின்னக் கடை முழுக்க. சுன்பானி என்ற சொல் வந்தது. தம்பியின் கை நின்றுவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் முதலாளி யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். தம்பி கையை நீட்டி, வால்யூமைக் குறைத்தார். அணைக்கவில்லை, குறைத்தார். தலையைச் சாய்த்து, காதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, கடைசிவரை கேட்டார். பிறகு போர்டின் ஓரத்தைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: 'இங்க பாருங்க தீதி, சிம் தொடுற இடமெல்லாம் தங்க முலாம். தங்கமும் இருந்திருக்கு, தண்ணியும் போயிருக்கு. உங்க போனுக்கு சுன்பானி போட்டுட்டாங்க.' தீதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

'நான் பி.கே.' என்றார்.

இனிஷியல் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பா பேரும் தாத்தா பேரும் போல, நம்ம மாதிரி. தீதிதான் காதில் சொன்னாள், பி.கே. என்றால் விஸ்வகர்மா, சுருக்கி அப்படி எழுதுவார்கள். காமி. கடையில் அவருக்கு வேறு தர். அவர் குடியிருக்கிற அறையிலும் வேறு தர். எதற்கு மறைக்க வேண்டும் என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். 2021இல் ரூபா சுனார் என்ற பத்திரிகையாளருக்குச் சாதி தெரிந்ததும் காத்மாண்டுவில் வாடகைக்கு வீடு இல்லை என்றார்கள். அவர் போலீஸில் புகார் கொடுத்தார், வீட்டுக்காரப் பெண்மணி கைதானார். வெளியே வந்தபோது கல்வி அமைச்சரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். அதைப் பார்த்த ஊரில், ஒரு ரிப்பேர் கடைத் தம்பி எந்தப் பேரில் அறை எடுப்பார்? அதனால் அவர் பேரையோ கடை இருக்கிற மாடியையோ நான் இங்கே எழுதவில்லை. எழுதக்கூடாது என்று அவரும் கேட்டுக்கொண்டார்.

ஒன்பது பதிவையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். தனக்கு ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. நினைத்திருந்தால் நான் பார்க்காத நேரம் வைத்துக்கொண்டிருக்கலாம். கேட்டார். 'அந்தக் கடைசிக் குரல் மட்டும் எனக்குத் தருவீங்களா? எங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்.' தருவதற்கு அது என்னுடையது இல்லையே. நம்மில் எத்தனை பேர் சனங்களிடம் கேட்டுப் பதிந்ததைக் கேட்காமல் அச்சில் போட்டிருக்கிறோம்! தீதி ஆமாவின் பேரனுக்குப் போன் போட்டாள். கிழவி வந்து, 'யாரு கேக்குறது? யார் வீட்டுப் பிள்ள?' என்றாள். தீதி போனைத் தம்பியிடம் நீட்டினாள்.

அவர் முதலாளி பக்கம் ஒருமுறை பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது, 'குடுக்கச் சொல்லிட்டாங்க' என்றார். கண் சிவந்திருந்தது. கூலி 2,500 ரூபாய், நம்ம காசுக்கு 1,560 சொச்சம். கடை வைஃபையில் அந்தப் போனிலேயே கியூஆர் காட்டிக் கட்டினேன். முதலாளி சீட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் தர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்.

ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆனது எழுதி முடிக்க. தீதி நேபாளியிலிருந்து இந்திக்கும் இங்கிலீஷுக்குமாகச் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். ஆமா பேசியதில் ஒரே ஓர் இடம் மட்டும் பிடிபடவில்லை. புருஷன் செத்த பிறகு அவர் அடித்த தமாஹாவை என்ன செய்தாள் என்று சொல்லத் தொடங்குகிறாள், மழை தகரத்தில் இறங்கிவிடுகிறது, நாலைந்து சொல் அடித்துக்கொண்டு போய்விட்டது. தசையின் பண்டிகைக்குப் போகும்போது கேட்டு வருகிறேன் என்றாள் தீதி. ஆனால் 2024 செப்டம்பர் கடைசியில் பெய்த பேய்மழையில் காவ்ரே பக்கம் ரோடெல்லாம் அறுத்துக்கொண்டு போனது, போக முடியவில்லை. குளிர்காலத்தில்தான் போனாள். ஆமா நன்றாக இருக்கிறாள். தமாஹா என்ன ஆச்சு என்று தீதி கேட்டதற்கு, 'அதை உனக்கு எதுக்குச் சொல்லணும்? கேட்டது அந்தத் தெற்கத்திப் பொண்ணுதானே, அவளையே வந்து கேக்கச் சொல்லு' என்றாளாம்.